தலைமாட்டில் நிற்பவள்

2023 டிசம்பர் 28, வியாழக்கிழமை. காலையில் ஃபோனைத் திறந்ததும் அம்மாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸ்தான் முதலில் கண்ணில் பட்டது. கறுப்புப் பின்னணியில் விஜயகாந்த் படம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’. யாரோ அனுப்பியதை அப்படியே ஏற்றியிருந்தார். ஆனால் அதற்கடியில் அவரே தட்டிய ஒரு வரி இருந்தது, எழுத்துப் பிழையோடு: ‘எங்க ஊரு எமெல்லே போயிட்டீங்களே’.

எங்கள் ஊர் ரிஷிவந்தியம் தொகுதியில் இருக்கிறது. 2011 தேர்தலில் விஜயகாந்த் இங்கே நின்று ஜெயித்துத்தான் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஐந்து வருடம் கழித்துப் பக்கத்துத் தொகுதியான உளுந்தூர்ப்பேட்டையில் நின்றவர் மூன்றாவது இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தார். அப்போது இரண்டு தொகுதிகளும் விழுப்புரம் மாவட்டம். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு இரண்டுமே இதற்குள் வந்துவிட்டன. அதாவது அவரைத் தூக்கி வைத்ததும் இறக்கி வைத்ததும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள்தான். அம்மா எந்த வருடம் முரசுக்குப் போட்டார், எந்த வருடம் போடவில்லை என்று நான் கேட்டதில்லை.

மதியத்துக்குள் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கண்ணீர் அஞ்சலி. எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று முகம். அத்தனையும் ஆண்கள், பாதிப் பேர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள். நிழற்குடையில் நாற்காலி போட்டு, கேப்டன் படத்துக்கு மாலை போட்டு, மைக்செட்டில் ‘வைதேகி காத்திருந்தாள்’ பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதவர்கள் ஏழெட்டுப் பெண்கள். ஃபிளெக்ஸில் அவர்களில் ஒருத்தியும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் அஞ்சலி போஸ்டரில் வர வேண்டுமென்றால் அவள் சாக வேண்டும். அப்போதும் ‘இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாருமான’ என்ற வாலோடுதான் வரும்.

அதனால் அம்மாவின் ஸ்டேட்டஸ் எனக்கு முதலில் பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஒப்பாரி எப்போதுமே பெண்களுடையது. அது காற்றோடு போய்விடும். போஸ்டர் ஆண்களுடையது, சுவரில் நிற்கும். இப்போது அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி தன் துக்கத்தைத் தன் பெயரில், தன் எண்ணில், யாரையும் கேட்காமல் வெளியில் வைத்துவிட்டார். இருபத்து நாலு மணி நேரத்தில் மறைந்துபோகும்தான். இருந்தாலும் வைத்தாரே.

சாயங்காலம்வரை அந்த உற்சாகம் எனக்கு இருந்தது. அதற்குள் சமூக ஊடகங்களில் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன.

முதலாவது, மன்னிப்பு. 2014, 2016 வாக்கில் தமிழ்ப் பேஸ்புக்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். விஜயகாந்தின் தடுமாறும் பேச்சும் நடையும்தான் மீம் பக்கங்களுக்குத் தினசரிச் சாப்பாடு. உடல்நலம் குன்றிய ஒரு மனிதரை வருடக்கணக்காகச் சிரித்துத் தீர்த்தார்கள். நானும் பகிர்ந்திருக்கிறேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். இறந்த அன்று அதே பக்கங்கள் கறுப்பாகின. ‘உங்களைப் புரிந்துகொள்ளாமல் போய்விட்டோம் கேப்டன்’ என்று ஆயிரக்கணக்கில் பதிவுகள். படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டது, நடிகர் சங்கத் தலைவராக இருந்து சங்கத்தின் கடனை அடைத்தது எல்லாம் அன்றைக்குத்தான் பலருக்கு ஞாபகம் வந்தது. அந்த வருத்தம் பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். குற்ற உணர்வும் துக்கத்தில் ஒரு பங்குதானே.

இரண்டாவது, அந்தக் குற்ற உணர்வை இறக்கிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தலைமாட்டில் நின்றுகொண்டிருந்த பிரேமலதா அகப்பட்டார். இரண்டு வாரத்துக்கு முன், டிசம்பர் 14 அன்று நடந்த கட்சிப் பொதுக்குழுவுக்கு விஜயகாந்தை அழைத்து வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் பிரேமலதா பொதுச்செயலாளர் ஆனார். அந்த வீடியோவை எடுத்துப்போட்டு, இவள்தான் படுத்தி எடுத்தாள், இவள் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டார், இப்போது அழுவதைப் பார் என்று கிளம்பினார்கள். அவர் அழுதால் நடிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கைகூப்பினால் அரசியல். தேமுதிகவின் அரசியலில் பிரேமலதாவின் பங்கை விமர்சிக்க நிறைய இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் அன்று வந்த வசவுகள் கூட்டணிக் கணக்கைப் பற்றியவை இல்லை. புருஷனைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத பெண்டாட்டியை எங்கள் தெருவில் என்ன சொல்வார்களோ, அதே வார்த்தைகள்.

தீவுத்திடலில் இருந்து நேரலை ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் ஒரு கமெண்டைப் படித்துக் காட்டினேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “இன்னாத்துக்குடி அந்தம்மாவப் பேசறானுங்க? அதுக்காவது தலமாட்டுல ஒக்காந்து அழக் குடுத்து வெச்சிருக்கு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டையாகக் கட்டி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வரவில்லை. முகத்தை அம்மா பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். விஜயகாந்துக்கும் கொரோனா தொற்று இருந்ததாக அன்று காலை செய்தியில் சொன்னதும் அம்மா எழுந்து உள்ளே போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஸ்டேட்டஸில் ‘போயிட்டீங்களே’ என்று அவர் யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பிரபலங்களின் சாவுக்கு ஊரே அழுவதைப் படித்தவர்கள் எளிதாகக் கேலி செய்கிறோம். யாரோ ஒரு நடிகனுக்கு ஏன் இப்படி என்கிறோம். ஒப்பாரி தெரிந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், அடுத்தவர் வீட்டு இழவில்தான் தன் வீட்டு இழவை அழ முடியும் என்று. சொந்த வீட்டில் அழ ஆயிரம் தடை இருக்கும். எங்கள் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, தாத்தா செத்தபோது அழவே இல்லையாம். குடித்துவிட்டு வந்து மூன்று மாதக் கர்ப்பிணியை வரப்பில் தள்ளியவர் தாத்தா. அந்த இழவு வீட்டில் ஆயா காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்ததை ஊர் இருபது வருடம் பேசியது. ‘புருசன் தலமாட்டுல கல்லாட்டம் ஒக்காந்தவ’ என்பது அவருக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது.

அந்த ஆயா 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்ததும் மார்பில் அறைந்துகொண்டு அழுதாராம். அம்மா அப்போது புதிதாகக் கல்யாணமாகி வந்தவர். மந்தையில் பந்தல் போட்டு, படத்தை நாற்காலியில் வைத்து, ஆயாதான் முன்னால் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்துக்கொடுத்தார். ‘அண்ணா’ என்று கூப்பிட்டு அழுதார். முறை வைத்துக் கூப்பிட்டால்தான் ஒப்பாரி வரும். பிறந்த வீட்டில் நிலம் பிரித்தபோது தன்னை ஏமாற்றிய சொந்த அண்ணனையும் அதே மூச்சில் இழுத்தாராம். அம்மாவுக்கு இதைச் சொல்லும்போது இப்போதும் சிரிப்பு வரும்.

அன்றைக்குச் சென்னை ராஜாஜி மண்டபத்தில் என்ன நடந்தது என்பது அரசியல் வரலாறாக நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் அதை ஓர் இழவு வீட்டுச் சண்டையாகத்தான் முதலில் பார்க்கிறேன். உடலின் தலைமாட்டில் ஜெயலலிதா போய் நின்றுகொண்டார். முதல் நாள் பதின்மூன்று மணி நேரம், மறுநாள் எட்டு மணி நேரம். சுற்றியிருந்த பெண்களில் சிலர் காலை மிதித்தார்கள், நகத்தால் கிள்ளினார்கள் என்று பிறகு எழுதப்பட்டது. பீரங்கி வண்டியில் ஏறியபோது கீழே தள்ளிவிட்டார்கள். மனைவி ஜானகி ஒரு பக்கம். கட்சியின் கொள்கைபரப்புச் செயலாளராக இருந்தவர், ஆனால் உறவு முறை என்று சொல்ல ஒன்றும் இல்லாதவர் மறுபக்கம். அடுத்த மாதம் ஜானகி முதல்வரானார், அந்த ஆட்சி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. கட்சி உடைந்தது. வாரிசு யார் என்ற கேள்வியை மக்கள் எப்படிக் கேட்டார்கள் என்றால், யாருக்கு அழ உரிமை என்று கேட்டார்கள். எங்கள் மந்தையிலும் அதே பேச்சுத்தான். ‘கட்டினவளும் அழுவுறா, கட்டாதவளும் அழுவுறா’ என்று ஆயாவே இழுத்தாராம். கல்லாட்டம் உட்கார்ந்ததற்காகப் பேச்சு வாங்கியவர், இன்னொருத்தி நின்றதற்காகப் பேசினார். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

இது நேற்று தொடங்கியதும் இல்லை. புறநானூற்றின் 246-ஆம் பாடலைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் உடலுக்கு அருகில் நிற்கிறாள். சுற்றிலும் சான்றோர் நின்று, அவள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தீயில் பாய்வேன் என்ற அவள் முடிவைக் கற்பு என்று பாடம் நடத்திக் கேட்டிருக்கிறேன். கைம்மை நோன்பில் பெண் தின்னும் சோற்றையும் படுக்கும் தரையையும் சொல்லி, அதைவிடத் தீ மேல் என்கிறாள் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. சான்றோர் மேல் அவளுக்கு இருந்த கோபத்தையும் சொன்னதில்லை.

1987-க்கு இருபத்தொன்பது வருடம் கழித்து அதே ராஜாஜி மண்டபம், அதே டிசம்பர். எழுபத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். மறுநாள் முழுக்க அவர் தலைமாட்டில் நின்றவர் சசிகலா. இந்த முறை எல்லோர் கையிலும் ஃபோன் இருந்தது. துக்கமும் சந்தேகமும் ஒரே விரலில் பரவின. முந்தின நாள் சாயங்காலமே சில டிவிகள் இறந்துவிட்டதாகச் சொல்லி, பிறகு இல்லையென்று மாற்றின; அந்தக் குழப்பம் வேறு. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்பது நியாயம். விசாரணை ஆணையமே அமைத்தார்கள், 2022-இல் அதன் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, அதில் சசிகலா மேலும் விசாரணை வேண்டும் என்று இருந்தது. ஆனால் ஃபோனில் ஓடிய சொற்கள் ஆணையத்தின் சொற்களாக இல்லை. ‘வேலைக்காரி’ என்றார்கள். ஓர் ஆண் தலைவரின் முப்பது வருடத் தோழரை அப்படிச் சொல்வார்களா? அதைவிட, இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதற்குத் தமிழில் மரியாதையான ஒரு முறைப்பெயர் இல்லை. முறை இல்லாததால் தலைமாட்டில் நின்றவள் களவாணியாகிவிட்டாள்.

தமிழ்நாட்டோடு நிற்கிற வழக்கமும் இல்லை இது. 2020 ஜூனில் மும்பையில் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபோது நாடே ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தது. துக்கம் முழுக்க ஃபோனிலும் டிவியிலும்தான். சில வாரங்களுக்குள் அது ரியா சக்ரவர்த்தி என்ற காதலியை வேட்டையாடுவதாக மாறியது. வங்காளிப் பெண்கள் சூனியம் வைப்பார்கள் என்றுகூட எழுதினார்கள். போதைப்பொருள் வழக்கு ஒன்றில் கிட்டத்தட்ட ஒரு மாதம் சிறையில் இருந்தார். 2025 மார்ச்சில் சிபிஐ, நடிகரின் மரணத்தில் யாருடைய சதியும் இல்லை என்று வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கைக்கு யாரும் கறுப்பு ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

செத்தவள் பெண்ணாக இருந்தால் தலைமாட்டில் ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை, அவளே போதும். 2018-இல் ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது டிவிக்காரர்கள் குளியல் தொட்டியைப் போட்டுக்காட்டி விளக்கினார்கள். 1996-இல் சில்க் ஸ்மிதா இறந்தபோது கிசுகிசு எழுதிய தமிழ்நாடுதான் இன்று செப்டம்பர் 23 வந்தால் அவருக்கு உருகிப் பதிவு போடுகிறது. தாமதமாகவாவது போடட்டும்.

விஜயகாந்த் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் விழ ஆரம்பித்தார்கள். மெத்தனால் கலந்த சாராயம். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், கூலி வேலை செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள், ஒரு திருநங்கையும் இருந்தார். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து உடல்கள் வந்தன. ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை.

அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது. அம்மாவின் ஃபோனில் இருந்த அதே குழுக்களில், கேப்டனுக்கு மெழுகுவத்தி ஏற்றிய அதே கைகள், இப்போது வேறு மாதிரி தட்டின. ‘குடிச்சிட்டுச் செத்தா பத்து லட்சமா’ என்றார்கள். ‘நம்ம வரிப்பணம்’ என்றார்கள். உயர் நீதிமன்றத்துக்கே ஒரு பொதுநல மனு போனது. பணம் எவ்வளவு என்பதை விவாதிக்கலாம். எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, பந்தலில் தலைவிரி கோலமாகக் கிடந்த பெண்களின் வீடியோவுக்குக் கீழே வந்தவை. ‘அப்பவே தடுத்திருக்கணும்’. ‘பொண்டாட்டி சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்’. ‘காசுக்கு அழுவுறா’. நான் பிரேமலதாவுக்குக் கீழே படித்தவை அப்படியே திரும்ப வந்திருந்தன. ஒருத்தி பெரிய கட்சியின் பொதுச்செயலாளர், இன்னொருத்தி பத்துப் பாத்திரம் தேய்ப்பவள். சாதியும் பணமும் அவர்களை எங்கெங்கோ வைத்திருக்கின்றன. தலைமாட்டில் வந்து நின்றதும் ஒரே கேள்விதான், நீ என்னடி செய்தாய்.

2016-இல் ஜெயலலிதா இறந்த அதிர்ச்சியில் உயிர்விட்டவர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களின் பட்டியலைக் கட்சி வெளியிட்டு, குடும்பத்துக்கு மூன்று லட்சம் கொடுத்தது. கட்சிப் பணம்தான், அரசுப் பணம் இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பங்களின் அழுகையை யாராவது இப்படித் தராசில் வைத்தார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். தலைவிக்காகச் செத்த சாவு கௌரவமான சாவு.

கருணாபுரத்துப் பழி இன்னும் ஒரு இடத்துக்கு ஏறிப் போனது. ‘கல்வராயன் மலைச் சாராயம்’ என்றார்கள். மலையில் காய்ச்சுகிறார்கள் என்பது உண்மை, நான் வெள்ளிமலைக்கு அருகில் ஒரு பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன், ஊறல் நாற்றம் தெரியும். ஆனால் மெத்தனால் மலையில் காய்ப்பதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு, கீழே இருந்து லாரியில் வருவது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, அங்கே சாலை இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று அரசைக் கேட்டது. அதற்கு அறுபதுக்கும் மேல் சாவு தேவைப்பட்டிருக்கிறது.

அந்த ஆகஸ்டில் மலைக்குப் போனேன். பழைய மாணவி ஒருத்தியின் வீடு. ரெய்டு பயத்தில் பல வீடுகளில் ஆண்கள் இல்லை. சிக்னல் அந்த ஊரில் ஒரே இடத்தில்தான், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல். சாயங்காலமானால் பிள்ளைகள் எல்லாம் அங்கே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். என் மாணவியின் பாட்டியும் கம்பை ஊன்றிக்கொண்டு வருவார். மலையாளிப் பழங்குடியில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே இழவுப் பாட்டுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். கேப்டன் செத்தது அவருக்கு மறுநாள்தான் தெரிந்ததாம், பேரன் கீழே போய் வந்த பிறகு. “நல்லவராம்ல?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன்.

பேரன் ஃபோனில் கருணாபுரத்து ரீல் ஒன்று ஓடியது. இரண்டு மாதப் பழசு, இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டி, உடலைப் பார்த்து ஏதோ சொல்லி அழுகிறாள். வாய் நிற்காமல் அசைகிறது. ஆனால் கேட்டது அவள் குரல் இல்லை. யாரோ மேலே சோகமான சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். ‘இப்படிப் போட்டாதான் மிஸ் வியூஸ் போவும்’ என்று பையன் எனக்கு விளக்கினான்.

பாட்டி ஃபோனை வாங்கிக் காதோடு வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பாரியில் சாவு மட்டும் இருக்காது. அடித்தது இருக்கும், அடகு வைத்த தாலி இருக்கும், சரக்கு வாங்கிக் கொடுத்தவன் பெயர் இருக்கும், யார் யார் வந்து மாமூல் வாங்கிப் போனார்கள் என்பதுகூட இருக்கும். ஊர் முன்னால் ஒரு பெண் எதைச் சொன்னாலும் யாரும் வாயை மூடு என்று சொல்ல முடியாத ஒரே இடம் அது.

“அவ யார் யாரையோ பேர் சொல்றா கண்ணு,” என்றார் பாட்டி. “அந்தப் பாட்ட நிறுத்து.”

பேரன் சத்தத்தைக் குறைத்தான். பாட்டு குறைந்தது. அவள் குரல் அதில் இல்லவே இல்லை. பாட்டி இன்னொரு முறை போடச் சொன்னார், இன்னொரு முறை. இருட்டும் வரை அந்த வாயைப் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.